வரிசையில் ஏழாவது

மஞ்சக்குப்பம், கடலூர்
4 நவம்பர் 2024

பொருள்: கெடிலக்கரையில் அம்மா சமாதியில் அத்துமீறல் – தகவல் தெரிவித்தல்.
பார்வை: எதுவும் இல்லை. மூன்று வருடமாக உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை.

கயல்விழிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். விலாசம் கொடுத்தது உன் அண்ணி இலக்கியா. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அமாவாசை. வழக்கம்போல அம்மாவின் கல்லைக் கழுவி, விபூதி பூசி, வெற்றிலையும் ஒரு தம்ளர் காப்பியும் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை புல் செதுக்கப் போனால், கல்லுக்கு முன்னால் ஆறு மெழுகுவத்தி. மெழுகு உருகி 'தில்லையம்மாள்' என்ற பேரில் பாதியை மூடிவிட்டது. போதாததற்கு ஒரு சாமந்தி மாலை. சனிக்கிழமை கல்லறைத் திருநாளாம். அவர்கள் திருநாளை அவர்கள் கல்லறையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? எங்கம்மா தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

மெழுகைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நாலு பக்கமும் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டப்போகிறேன். வெல்டருக்குச் சொல்லியாயிற்று. இது உன் சம்மதம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. மகள் என்ற முறையில் தகவலுக்கு மட்டும்.

அறிவழகன்

●

தகாத்சுகி, ஒசாகா
21 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதியிருக்கிறாய். நான் உன் தங்கையா, பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தவளா? கவரைப் பிரித்ததும் சிரித்துவிட்டேன். அம்மா பேர் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. போனில் பேச மாட்டேன். போனில் நீ என்றைக்கு என்னைப் பேச விட்டிருக்கிறாய்? தாளில் குறுக்கே பாய முடியாது, அதனால் நானும் எழுதுகிறேன்.

கிராதி என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இரண்டு நாள் லீவு கிடைத்தபோது சகாய் என்ற ஊருக்குப் போனேன். நிந்தொகு என்ற பழைய சக்கரவர்த்தியின் சமாதி அங்கே இருக்கிறது. சமாதி என்றால் நம் ஊர் அளவில் நினைக்காதே. மண்ணை மலை மாதிரி கொட்டி அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் சாவித் துவாரம் மாதிரி, ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் சதுரம். சுற்றி மூன்று அகழி. ஒரு சுற்று நடந்ததில் கால் கெஞ்சிவிட்டது. உள்ளே காடு மண்டிக் கிடக்கிறது, கொக்கு உட்கார்ந்திருக்கிறது, மனுஷர் யாரும் போக முடியாது. ஆராய்ச்சிக்காரர்கள்கூட நினைத்தபடி தோண்டிப் பார்க்க முடியாது. அரச குடும்பத்துக்கென்று ஒரு இலாகா இருக்கிறது, அதுதான் காவல். வாசலில் போர்டு. மூன்றே விதி. அனுமதியில்லாமல் உள்ளே நுழையாதீர். மீன், பறவை பிடிக்காதீர். மூங்கில், மரம் வெட்டாதீர்.

உனக்கு அந்தப் போர்டு ரொம்பப் பிடித்திருக்கும். ஆனால் மிச்சத்தையும் கேள். அந்தக் காட்டுக்குள் படுத்திருப்பது நிந்தொகுதானா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்து ஆட்கள் பழைய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மேடு இன்னாருடையது, அந்த மேடு இன்னாருடையது என்று முடிவு கட்டினார்கள். கட்டினதும் வேலி போட்டார்கள். வேலி வந்தபின் யாரும் உள்ளே போய்ச் சரிபார்க்க முடியாமல் போய்விட்டது.

நீ வேலி போடு, வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அந்த இடத்தில் இருப்பது அம்மாதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?

வம்புக்குக் கேட்கவில்லை. மே மாதம் அம்மா திதிக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். அம்மா போய் நாலு வருஷம் கழித்து வருகிறேன். வந்து அந்த மண்ணில் கை வைக்க வேண்டும். நான் கை வைக்கிற மண் அம்மாவின் மண்ணாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கயல்

●

மஞ்சக்குப்பம், கடலூர்
11 டிசம்பர் 2024

பொருள்: கிராதி அமைத்தது, போர்டு வைத்தது, ஆள் பிடிபட்டது.
பார்வை: உன் கடிதம், நாள் 21.11.2024.

கயல்விழிக்கு,

புயலும் வெள்ளமும் நியூஸில் பார்த்திருப்பாய். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இலக்கியாவும் பிள்ளைகளும் இரண்டு நாள் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். இப்போது எல்லாரும் சுகம். கெடிலக்கரை முழுக்க சேறு. என் கிராதி மட்டும் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. கான்கிரீட் போட்டு நிறுத்தியது.

போர்டு யோசனைக்கு நன்றி. நானும் மூன்று விதி எழுதி மாட்டிவிட்டேன். அனுமதியின்றி நுழையாதீர். மெழுகுவத்தி ஏற்றாதீர். ஆடு கட்டாதீர். ஜப்பான்காரன் கெட்டிக்காரன்.

உன் கேள்விக்குப் பதில். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாய். நான் சர்வேயர். பத்தொன்பது வருடமாக இந்தத் தாலுகாவில் அடுத்தவன் எல்லையை அளந்து கல் நட்டுக்கொண்டிருக்கிறேன். கொரோனாவில் செத்தவர்களைப் புதைத்ததற்கு நகராட்சியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் 'தில்லையம்மாள், இரண்டாம் வரிசை, எண் 7' என்று இருக்கிறது. நகல் என்னிடம் இருக்கிறது. அந்த வரிசையில் மொத்தம் பதினொரு குழி. ரோட்டோரக் கல்லிலிருந்து நானே டேப் பிடித்து அளந்து, ஏழாவது மேட்டில் கல் நட்டேன். உன் சக்கரவர்த்திக்கு ஏடு பார்த்து வைத்த மாதிரி இல்லை, அளந்து வைத்தது.

மெழுகுவத்தி வைத்த ஆளும் கிடைத்தாள். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு பொம்பளை கிராதிக்குள் கையை விட்டு, டப்பா மூடியால் கல்மேல் இருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். பேர் வெண்மதி. முதுநகர் பக்கம் அங்கன்வாடியில் வேலையாம். புருஷன் ராபர்ட், பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டினவர், அம்மா போன அதே நாளில் போனவர்.

"சார், இது எங்க வீட்டுக்காரரு. மூணு வருசமா கல்லுக்குப் பின்னாலதான் ஏத்துவேன், உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. இந்த வருசம் காத்து ஜாஸ்தி, அணைஞ்சு அணைஞ்சு போச்சு, அதான் முன்னால வச்சிட்டேன்" என்றாள்.

பட்டியலில் உங்கள் ஆளுக்கு என்ன நம்பர் என்று கேட்டேன். "அஞ்சு சார்" என்றாள். ஐந்தாம் நம்பர் இரண்டு குழி தள்ளி, புல் முளைத்துச் சும்மா கிடக்கிறது. அவள் நிற்பதோ ஏழில். "ஏம்மா, உனக்கு எண்ணத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன். டப்பா மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தேன், இலக்கியா வேண்டாம் என்றாள். விட்டுவிட்டேன்.

நீ தைரியமாக வா. மண் அம்மா மண்தான்.

அறிவழகன்

●

தகாத்சுகி, ஒசாகா
28 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம் என்பதை அண்ணி சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நீ எழுதியதையும் நம்பினேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் நீ பேசிய பேச்சைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். செத்துப்போன புருஷனைத் தேடி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

கோபத்தை ஒதுக்கிவிட்டு ஒரு கதை சொல்கிறேன், முழுக்கப் படி. என் ரூமிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. இமாஷிரோசுகா என்று பேர். அதுவும் சாவித் துவார மேடுதான், ஆனால் வேலி கிடையாது, காவல் கிடையாது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். ஓரத்தில் வரிசையாகச் சுட்ட மண்ணால் செய்த குதிரை, கோழி, வீடு, கேடயம் பிடித்த ஆள் எல்லாம் நிற்கிறது. நம் ஐயனார் கோயில் குதிரைகளைப் பார்த்த மாதிரியே இருக்கும். நான் டிபன் கட்டிக்கொண்டு போய் அந்தக் குதிரை பக்கத்தில்தான் உட்காருவேன்.

பக்கத்து ஊர் இபராகியில், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு மேடு. அதற்கு வேலி, பூட்டு, அதே மூன்று விதி போர்டு. கெய்தாய் என்ற சக்கரவர்த்தியின் சமாதி அது என்று அரசாங்கம் பேர் எழுதி வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அந்த மேட்டில் கிடைத்த மண் பொம்மைகள் கெய்தாய் சாவதற்குப் பல பத்து வருஷம் முந்தியவை, அது அவர் சமாதியாக இருக்கவே முடியாது, அவர் படுத்திருந்தது இந்தப் பூங்காவில்தான் என்கிறார்கள். அநேகமாக எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். அரச இலாகா இதுவரை மாற்றி எழுதவில்லை. அதிகாரிகள் வேலிக்கு வெளியே நின்று வேறு யாரையோ கும்பிடுகிறார்கள். ராஜாவோ பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் கிடக்கிறார்.

இன்னொன்று. இந்த மேடுகளுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்? இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அறிஞர் ஊர் ஊராக நடந்து எல்லாச் சமாதியையும் பார்த்துவிட்டு, இது ராஜா ஏறும் வண்டி மாதிரி இருக்கிறது, சதுரம்தான் முன்பக்கம், வட்டம் பின்பக்கம் என்று எழுதினார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. கட்டினவன் எந்தப் பக்கத்தை முன்பக்கம் என்று நினைத்துக் கட்டினான் என்று அவனைக் கேட்க ஆள் இல்லை.

அதைப் படித்த அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. ஒரு தாளில் பதினொரு கோடு போட்டேன். இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஏழாவதாக வருகிற கோடு, அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது. ஒரே கோடுதான் அண்ணா. நீயே போட்டுப் பார்.

நீ ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணினாய். குழி வெட்டினவன் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினான்?

கயல்

●

மஞ்சக்குப்பம், கடலூர்
17 ஜனவரி 2025

பொருள்: ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது.
பார்வை: உன் கடிதம், நாள் 28.12.2024.

எந்த ஊரிலும் இடத்தை ரோட்டிலிருந்துதான் அளப்பார்கள். ஆற்றிலிருந்து எவன் அளப்பான்? ஆறு இடம் மாறும், ரோடு மாறாது. இது முதல் வருஷப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது.

சைக்கிளில் போய்ப் பூங்காவில் டிபன் சாப்பிடுகிறவள் எனக்கு அளவு சொல்லித்தர வேண்டாம். பெற்றவள் சாவுக்கு வராதவளுக்கு அவள் எங்கே கிடக்கிறாள் என்ற கவலை மட்டும் எங்கிருந்து வந்தது? நான் இருந்தேன். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். நான் வைத்த கல் வைத்த இடத்தில்தான் இருக்கும்.

அறிவழகன்

●

தகாத்சுகி, ஒசாகா
4 பிப்ரவரி 2025

அண்ணா,

நாலு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். அப்போது இந்தியாவுக்குப் போனால் திரும்ப உள்ளே விட மாட்டோம் என்று இங்கே உத்தரவு போட்டிருந்தார்கள். போயிருந்தால் வேலை போயிருக்கும், விசாவும் போயிருக்கும். வந்தாலும் அம்மாவை மூட்டை கட்டித்தான் கொடுப்பார்கள், முகத்தைப் பார்க்க முடியாது என்று நீயே சொன்னாய். யோசித்துத்தான் வரவில்லை. வரவில்லை என்பது நிஜம், அதை மறைக்கவில்லை. அன்றைக்குக் காலையில் இங்கே ஒரு அம்மாளுக்குத் தலை துவட்டிவிட்டு, பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு வந்து அடுத்த அம்மாளுக்குத் துவட்டினேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தூரத்திலிருந்தாவது வீடியோ போட்டுக் காட்டு என்று கெஞ்சினேன். நெட்வொர்க் இல்லை என்று கட் செய்தாய். அதற்குப் பிறகு, பெற்றவள் சாவுக்கு வராதவள் என்று சொந்தக்காரர்கள் நடுவில் பேசினாய். அதனால்தான் உன்னை பிளாக் செய்தேன். இப்போதும் அதே பேச்சை எழுதியிருக்கிறாய்.

நீ எல்லாவற்றையும் பார்த்தாய் என்றால் உனக்குப் பட்டியல் எதற்கு? டேப் எதற்கு? கண்ணால் பார்த்த இடத்தில் கல்லை நட வேண்டியதுதானே?

குழி வெட்டின ஜேசிபி டிரைவர் பேர் சின்னையனாம். இப்போது சிதம்பரத்தில் இருக்கிறாராம், வண்டிகேட் பக்கம். அண்ணி விசாரித்துச் சொன்னாள். நான் மே 16ஆம் தேதி வந்து இறங்குகிறேன். நீ போய்க் கேட்காவிட்டால் நான் கேட்பேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

கயல்

●

மஞ்சக்குப்பம், கடலூர்
16 மார்ச் 2025

கயல்விழிக்கு,

பொருள் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஆபீஸுக்குப் போய் வந்தேன். நேற்று சனிக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். உன்னைப் பொய்யாக்கிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், அதை மறைக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது, நீ நர்சிங் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அம்மா உனக்குக் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு இதே வழியில் போனது ஞாபகம் வந்தது. ஒரு தடவை என்னைக்கூட அனுப்பினாள். பாதியை நான் பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

சின்னையன் வண்டிகேட்டில் சாக்கடைக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். டீ வாங்கிக் கொடுத்து, கெடிலக்கரை இரண்டாம் வரிசை என்று ஆரம்பித்தேன். நல்ல ஞாபகம் அவருக்கு. அந்த வாரம் எட்டு நாள் வீட்டுக்குப் போகாமல் வண்டியிலேயே தூங்கினாராம். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஆத்துப் பக்கத்துலேர்ந்துதான் சார். இன்னா சார், சர்வேயருன்றீங்க, இது தெரியலியா? ரோட்டுப் பக்கம் மொதல்ல வெட்டிப் பொதச்சிட்டா, வண்டி எப்படி வெளிய வரும்? அவுங்க மேல ஏத்திக்கிட்டா வர முடியும்? மொதல்ல கடைசிக்குப் போய்டணும். அங்க ஒண்ணாம் நம்பரு. அப்படியே வெட்டி, மூடி, பின்னாலயே ரிவர்ஸ்ல வந்துக்கினே இருக்கணும். ரோட்டாண்ட வந்தா பதினொண்ணு. நான் சொல்லச் சொல்ல அந்த ஆபீஸ் தம்பி எழுதிக்கினாரு."

டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். குடிக்க முடியவில்லை.

பத்தொன்பது வருடமாக ஆயிரக்கணக்கான கல் நட்டிருக்கிறேன். வண்டி எப்படித் திரும்பி வரும் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. நாங்கள் நடந்து போய் நடந்து வருகிறவர்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், போகலாம்.

நான் கல் நட்டது ராபர்ட்டுக்கு. காப்பி வைத்தது ராபர்ட்டுக்கு. அம்மா இரண்டு குழி தள்ளிப் புல்லில் கிடக்கிறாள். அந்த இடத்தில் நான் செருப்போடு நின்றுகொண்டுதான் கிராதிக்கு அளவெடுத்தேன்.

வெண்மதியிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிப் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

அறிவழகன்

●

தகாத்சுகி, ஒசாகா
2 ஏப்ரல் 2025

அண்ணா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டும் போலத்தான் முதலில் இருந்தது, குதிக்க முடியவில்லை. அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அது போதும். கொழுக்கட்டை விஷயம் அன்றைக்கே தெரியும், டப்பாவில் எப்போதும் பத்து இருக்கும், அன்றைக்கு ஐந்துதான் இருந்தது.

இங்கே அரச இலாகாவுக்கு நூற்றைம்பது வருஷமாக ஒரு பேரை மாற்றி எழுத மனசு வரவில்லை. உனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நீ எவ்வளவோ மேல்.

ஆனால் போய்ச் சொல்லு. நான் வருவதற்குள் சொல்லு. நான் வந்து சொன்னால் அது உன் சார்பில் மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகிவிடும், நீ கேட்ட மாதிரி ஆகாது. அந்த அம்மாவுக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டவன் நீதான்.

கயல்

●

மஞ்சக்குப்பம், கடலூர்
21 ஏப்ரல் 2025

கயலு,

சொல்லிவிட்டேன்.

நேற்று ஈஸ்டர். கல்லறைக்கு வருவார்கள் என்று தெரியும், அதனால் விடிந்ததும் போய்விட்டேன். கிராதிப் பூட்டை முந்தின நாளே திறந்து வைத்திருந்தேன், போர்டையும் கழற்றிவிட்டேன். வெண்மதி வந்தார். நான் நிற்பதைப் பார்த்ததும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே, "எனக்குத்தாம்மா எண்ணத் தெரியல" என்றேன். வேறு எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஜேசிபி, ரிவர்ஸ், பதினொன்று, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். நான் இங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். ஆத்தாண்டேர்ந்து எண்ணிக்கிட்டே வந்தேன். அஞ்சாவதா அவரை எறக்குனாங்க. ஏழாவதா உங்கம்மாவை எறக்குனாங்க. அப்புறம் நான் கல்லு வைக்கலாம்னு வந்தா, ஏற்கெனவே ஒரு கல்லு நிக்குது. கவர்மெண்ட் ஆளு வச்சதுன்னாங்க. அன்னிக்கு வெள்ளத்தப்ப சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீங்க சொல்ல விடல."

பிறகு பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்து ராபர்ட்டுக்கு ஏற்றினார். ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டு இரண்டு குழி தள்ளிப் புல்லுக்குள் போய்க் குனிந்தார். நானும் போனேன். அங்கே மண்ணில் பழைய மெழுகு, ஒன்றின்மேல் ஒன்றாக, மூன்று வருஷத்து மெழுகு. "அவுங்களுக்குன்னு யாரும் வரலியேன்னு, வர்றப்பல்லாம் ஒண்ணு வச்சிட்டுப் போவேன் சார்" என்றார்.

கயலு, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அமாவாசை தவறாமல் போய் வந்தேன் என்று ஊர் பூராவும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு விளக்கு வைத்தது அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ கேட்டாய், எல்லாவற்றையும் பார்த்தவனுக்குப் பட்டியல் எதற்கு என்று. அந்தக் கேள்விதான் ஒரு மாதம் என் பையில் இருந்தது. அன்றைக்கு நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. ரோட்டில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அம்மாவைக் கயிறு கட்டி வேனிலிருந்து இறக்கியதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். ஒரு டீக்கடை போர்டைப் படித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் திரும்பினேன். உனக்கு எதைக் காட்டியிருக்க முடியும்? நானே பார்க்கவில்லை. நீ வரவில்லை, வரவில்லை என்று நாலு வருடமாகச் சொன்னேன். நானும் வரவில்லை, அவ்வளவுதான். ரோடு வரைக்கும் வந்தேன். அதை உன் தலையில் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

இன்று காலை வெல்டரைக் கூட்டிப்போய் கிராதியை அறுத்தெடுத்தேன். அம்மாவின் கல்லையும் எடுத்தாயிற்று. என் சர்வீஸில் நட்ட கல்லை நானே பிடுங்கியது இதுதான் முதல் தடவை. ராபர்ட்டுக்குச் சிலுவை போட்ட கல் வெண்மதி சொல்லியிருக்கிறார், அதை நடும்போது நானும் வர வேண்டுமாம். நாலு வருடமாகத் தன் வீட்டுக்காரருக்கு மாதா மாதம் காப்பி கொடுத்ததற்கு நன்றி என்றும் சொன்னார். அவர் காப்பியே குடிக்க மாட்டாராம், டீதானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா இருக்கும் இடத்துக்கு வேலி கிடையாது. போர்டும் கிடையாது. ஆடு மேய்ந்தால் மேயட்டும். உன் பூங்கா மாதிரி இருந்துவிட்டுப் போகிறது. அம்மாவுக்கும் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும், உனக்குத் தெரியுமே, டிவியை அணைத்தால் எழுந்துவிடுவாள்.

கல் நம் வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருக்கிறது. அதை இன்னும் நடவில்லை. பதினாறாம் தேதி சென்னைக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். மறுநாள் காலையில் கெடிலத்துக்குப் போவோம். டேப் கொண்டுவர மாட்டேன். ஆற்றோரம் போய் நின்று, முதல் மேட்டிலிருந்து நீ ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு வா. நான் கல்லைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வருகிறேன். ஏழு என்று நீ நிற்கிற இடத்தில் இறக்குகிறேன்.

அண்ணன்